புளியங்கொட்டையால் எரிநட்சத்திரம் எண்ணுவது எப்படி

பர்மாவில் இருந்துகொண்டு எரிநட்சத்திரப் பொழிவு பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முதலில் நம்ப வேண்டியது டிசம்பர் நடுவில் வரும் ஜெமினிட்ஸை. உலகம் முழுக்க அதிகம் பேசப்படுவது ஆகஸ்ட் 12, 13இல் வரும் பெர்சீட்ஸ். இந்த 2026இல் ஆகஸ்ட் 12 அமாவாசை வேறு, அதனால் பேச்சு இன்னும் கூடும். ஆனால் தென்கிழக்கு பர்மாவில் எங்கள் மோல்மேன் நகரத்துப் பக்கம் ஆகஸ்ட் மாதம் மட்டும் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். ஆடி, ஆவணியில் நிலாவைக்கூட நாள்கணக்கில் பார்க்க முடியாது. அதனால் அந்தப் பொழிவை மற்ற நாட்டுக்காரர்களுக்கு விட்டுவிடுவோம். டிசம்பரில் மழை போயிருக்கும், வயல் எரிக்கிற புகையும் வெயில் காலத்துத் தூசியும் இன்னும் வந்திருக்காது. வானம் கழுவி விட்டதுபோல் இருப்பது அந்தச் சில வாரங்களில்தான்.

நான் முடோன் பக்கத்தில் ரப்பர் தோட்டத்துக் குடும்பம். நடு இரவு தாண்டி எழுந்து பால் வெட்டப் போகிறவர்களுக்கு இருட்டு பழகிய இடம். கோயில் தமிழ் வகுப்புக்கு வருகிற பிள்ளைகளையும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் சேர்த்துக்கொண்டு டிசம்பரில் வானம் பார்ப்பது எங்கள் வழக்கம். அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற முறையையே இங்கே எழுதுகிறேன். வாயைப் பிளந்து பார்த்துவிட்டு வருவதோடு நிறுத்தாமல், எண்ணி எழுதி வைக்க வேண்டும் என்பது என் கட்சி. எண்ணுகிறவர்தான் கடைசி வரை விழித்திருக்கிறார், மெல்லிய கீற்றையும் அவர்தான் பிடிக்கிறார்.

எந்த இரவு என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஜெமினிட்ஸ் டிசம்பர் 13, 14 என்று பொதுவாகப் போடுவார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. உச்ச நேரம் உலகப் பொது நேரத்தில் கொடுக்கப்பட்டிருக்கும். நாம் அதோடு ஆறரை மணி நேரம் கூட்ட வேண்டும். 2026இல் உச்சம் டிசம்பர் 14, உலக நேரப்படி 14 மணி வாக்கில் வருகிறது. ஆறரையைக் கூட்டினால் நமக்கு அன்று இரவு எட்டரை. பொழிவு கிளம்புகிற இடம் கிழக்கில் ஏறத் தொடங்கிய ஒரு மணி நேரத்தில் உச்சம் வந்துவிடுகிறது. எல்லா வருடமும் இப்படி அமையாது. பூமி அதே இடத்துக்குத் திரும்பிவர 365 நாளும் ஏறக்குறைய ஆறு மணி நேரமும் ஆகிறது. அதனால் உச்சம் வருடத்துக்கு ஆறு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகும், லீப் வருடம் வந்தால் பழைய இடத்துக்கு வரும். 2025இல் நமக்கு அது பட்டப்பகலில் விழுந்தது.

ஆகவே இந்த வருடம் 14ஆம் தேதி இரவுதான் முதல் தேர்வு. ஜெமினிட்ஸின் உச்சம் அகலமானது, ஒரு நாள் முன்பே நல்ல எண்ணிக்கை வந்துவிடும் என்பதால் 13ஆம் தேதி இரவும் வீண் போகாது. ஆனால் உச்சத்துக்குப் பிறகு சீக்கிரம் இறங்கிவிடும், 15ஆம் தேதி என்று தள்ளிப்போடாதீர்கள். இன்னொரு விஷயம்: இந்தத் தூசிக் கூட்டத்தில் பொடிகள் முன்னால் வருகின்றன, பெரிய துணுக்குகள் பின்னால் வருகின்றன. உச்சத்தையும் அதை அடுத்து வரும் மணிகளையும் பிடிக்கிறவர்களுக்குப் பிரகாசமானவை கிடைக்கும்.

அடுத்தது நிலா. வீட்டில் தினசரி நாட்காட்டி தொங்குமே, அதில் திதியைப் பாருங்கள், அது போதும். டிசம்பர் 9 அமாவாசை. 14ஆம் தேதி மேற்கில் வளர்பிறை நிலா நிற்கும், இரவு பத்து மணியை ஒட்டி மறைந்துவிடும். அப்புறம் விடியும்வரை சுத்தமான இருட்டு. அடுத்த வருடம், 2027இல், டிசம்பர் 13 அன்றே பௌர்ணமி. அந்த வெளிச்சத்தில் பாதிக்கு மேல் காணாமல் போகும். இந்த வருடத்தை விடாதீர்கள் என்று நான் வீடு வீடாகச் சொல்லிக்கொண்டிருப்பது இதற்காகத்தான்.

பிள்ளைகள் கேட்கிற முதல் கேள்வி, விழுவது என்ன என்பது. நட்சத்திரம் எதுவும் விழுவதில்லை. ஃபேதன் என்றொரு குறுங்கோள், ஐந்தாறு கிலோமீட்டர் குறுக்களவு உள்ள பாறை, சூரியனை 1.4 வருடத்துக்கு ஒரு முறை சுற்றுகிறது. சூரியனுக்கு அருகில் போகும்போது புதன் கோளின் பாதையையும் தாண்டி உள்ளே போய், கடுமையாக வெந்து வெளியே வருகிறது. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் எடுத்த படங்களில் அதைக் கண்டுபிடித்தார்கள். அதன் பாதையும் ஜெமினிட்ஸின் பாதையும் ஒன்றுதான் என்று அமெரிக்க வானியலாளர் ஃபிரெட் விப்பிள் உடனே கவனித்துச் சொன்னார். மற்ற பெரிய பொழிவுகளில் பெரும்பாலானவற்றுக்கு வால்நட்சத்திரம் தாய். இதற்குப் பாறை தாய். அந்தப் பாதையில் சிதறிக் கிடக்கும் துகள்களுக்குள் பூமி வருடா வருடம் புகுந்து போகிறது. மணல் அளவு, பயறு அளவுத் துணுக்கு நொடிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுக்குள் பாய்ந்து, தரைக்கு நூறு கிலோமீட்டர் உயரத்தில் எரியத் தொடங்குகிறது. அந்த வேகத்தில் மோல்மேனிலிருந்து ரங்கூன் போய்ச்சேர ஐந்து நொடி போதும். அதுவே எரிநட்சத்திரக் கணக்கில் நிதானமான நடைதான். நவம்பரில் வரும் லியோனிட்ஸ் நொடிக்கு 71 கிலோமீட்டர். ஜெமினிட்ஸ் மெதுவாக வருவதால், பக்கத்தில் இருக்கிறவரைத் தட்டிக் காட்டுவதற்குள் சில சமயம் அது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். முதல் தடவை பார்க்கிற பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பொழிவு கிடையாது.

இடம் தேர்ந்தெடுப்பதில் தோட்டக்காரர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். மரத்துக்கு நடுவே இருட்டு நன்றாக இருக்கும், வானம் இருக்காது. டிசம்பரில் ரப்பர் இலை இன்னும் கொட்டியிருக்காது. வரிசைக்கு நடுவே கை அகலத்துக்குத்தான் ஆகாயம் தெரியும். தோட்டத்து ஓரத்துக்கு வந்துவிடுங்கள். நாற்றங்கால், பிள்ளைகள் சின்லோன் என்கிற பிரம்புப் பந்து ஆடுகிற மைதானம், கோயில் பின்புறத் திடல், இவை எல்லாம் சரி. செட்சே, சைக்கமி கடற்கரைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு மேற்கே கடல்மேல் முழு இருட்டு கிடைக்கும். மோல்மேன் நகரத்துக்குள் இருப்பவர்கள் மொட்டை மாடிக்குப் போய், மலைமேல் உள்ள பயாவின், அதாவது புத்த கோயிலின், விளக்குகள் முதுகுப் பக்கம் இருக்கும்படி உட்கார வேண்டும். மின்சாரம் போகிற இரவு வாய்த்தால் அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இந்தக் காலத்தில் இரவில் தூரம் போய்த் திரும்புவது யாருக்கும் எளிதல்ல, உங்கள் வீட்டு முற்றத்தில் பாதி வானம் தெரிந்தாலே போதும். ஆறேழு பேர் சேர்ந்து வெளியில் படுப்பதாக இருந்தால் ஊர்த் தலைவரிடமும் அக்கம்பக்கத்திலும் முன்பே சொல்லிவிடுங்கள்.

அறுத்த வயலில் படுப்பதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அறுவடை நேரம் கண்ணாடி விரியனின் நேரம். வைக்கோலில் எலி இருக்கும், எலி இருக்கிற இடத்துக்குப் பாம்பு வரும். பர்மாவில் நெல்வயல்காரர்களை அதிகம் கடிக்கிற விஷப்பாம்பு அதுதான். வைக்கோல் போர் மேலோ அதன் பக்கத்திலோ படுக்க வேண்டாம், தரையில் பாய் விரிக்கவும் வேண்டாம். கால் உயர்ந்த கட்டில், மூங்கில் பெஞ்சு, சாய்வு நாற்காலி, இதில் ஏதாவது ஒன்று வேண்டும். கட்டிலை விட்டு இறங்கும்போது தரையில் வெளிச்சம் அடித்துப் பார்த்து, பூட்ஸ் போட்ட காலோடுதான் நடக்க வேண்டும். அந்த நேரம் கண்ணின் இருட்டுப் பழக்கம் கெட்டுப்போனாலும் போகட்டும். யாரையாவது கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, மந்திரிப்பது எதுவும் கூடாது. அசையாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பனியும் இருக்கிறது. எங்கள் தாழ்வான பகுதிகளில் விடியற்காலம் மூன்று, நான்கு மணிக்கு மேல் மூட்டம் இறங்கினால் ஒன்றும் தெரியாது. ஆகையால் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரை என்பதுதான் நமக்கு உள்ள நேரம். கம்பளிக்கு மேல் ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மணிக்கெல்லாம் கம்பளி ஈரமாகிவிடும். தலைக்குத் துண்டு. கொசுவர்த்தியைக் காற்று வீசும் திசை பார்த்துக் கால்மாட்டில் வையுங்கள், புகை கண்ணுக்கு முன்னால் வரக் கூடாது. ஃபிளாஸ்கில் தேநீர், ஒரு டப்பாவில் லப்பே தோ என்கிற ஊறவைத்த தேயிலைக் கலவை. தூக்கத்தைத் தள்ள அதைவிட நல்ல சாப்பாடு எனக்குத் தெரியாது.

விளக்கைப் பற்றி. கண் இருட்டுக்குப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். கைபேசியை ஒரு தடவை பார்த்தால் அந்த அரை மணி நேரமும் போச்சு, முதலிலிருந்து தொடங்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் எல்லாருடைய கைபேசியும் ஒரு பையில் போடப்பட்டு வீட்டுக்குள் போய்விடும். எழுதுவதற்கு மட்டும் ஒரு சிவப்பு விளக்கு வேண்டும், அதைப் பால் வெட்டுகிற நெற்றி விளக்கிலேயே செய்துகொள்ளலாம். சந்தையில் கொடுக்கிற சிவப்புப் பிளாஸ்டிக் பையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி நாலாக மடித்து, விளக்கின் முகத்தில் வைத்து, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய வளையத்தால் இறுக்குங்கள். ஓரத்தில் வெள்ளை வெளிச்சம் கசிகிறதா என்று இருட்டு அறையில் சுற்றித் திருப்பிப் பாருங்கள். கசியும் இடத்தில் இன்னொரு துண்டு வையுங்கள். அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகத்தை மடியில் வைத்து அடியுங்கள். எழுத்து சிரமப்பட்டுத்தான் தெரிய வேண்டும். சுலபமாகப் படிக்க முடிந்தால் இன்னும் இரண்டு மடிப்பு சேருங்கள்.

இப்போது வானத்தில் இடம் பிடிப்போம். புனர்பூசம் என்கிற இரட்டை நட்சத்திரத்துக்கு அருகிலிருந்து இவை கிளம்புவதாகத் தோன்றும். கிழக்கில் வரிசையாக மூன்று நட்சத்திரம் தெரிகிறதா? அதன் ஒரு பக்கம் சிவப்பாகத் திருவாதிரை, மறுபக்கம் வெள்ளையாக ரைகல். ரைகலில் தொடங்கித் திருவாதிரை வழியாக ஒரு கோடு இழுத்து அப்படியே நீட்டினால், ஏறக்குறையச் சம வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நட்சத்திரம் வரும். அவைதான் புனர்பூசம். நீண்ட ரப்பர் வரிசையின் ஒரு முனையில் நின்று பார்த்தால், நேராக நட்ட மரங்களே தூரத்தில் ஒரு புள்ளியில் போய்க் கூடுவதுபோல் தெரியுமல்லவா, அதேபோலத்தான் இணையாக வருகிற துகள்கள் அந்தப் புள்ளியிலிருந்து விரிவதாக நம் கண்ணுக்குத் தெரிகின்றன. உண்மையில் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருக்கின்றன.

இடம் தெரிந்ததும் அதையே முறைத்துப் பார்க்க வேண்டாம். அங்கே வருவது குட்டையாக, புள்ளியாக முடிந்துவிடும். அதிலிருந்து நாலைந்து கை முஷ்டி தள்ளி, தலைக்கு மேலே பாதி உயரத்தில் பார்வையை வையுங்கள். பைனாகுலர், தொலைநோக்கி எதுவும் வேண்டாம், வெறும் கண்தான் சிறந்தது. சிறு பிள்ளைகளை ஒன்பது மணிக்கே கூட்டி வந்துவிடுங்கள். புனர்பூசம் கீழே இருக்கும்போது எண்ணிக்கை குறைவு, ஆனால் வருகிறவை காற்றின் மேல்தோலை உரசிக்கொண்டு வரும். ஒன்று கிளம்பினால் கிழக்கிலிருந்து மேற்குவரை, மஞ்சள் கலந்த வெள்ளையில், அவசரமே இல்லாமல் பாதி வானத்தைக் கடந்து போகும். என் அம்மா அப்போதெல்லாம் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மறுபடி வானத்தைப் பார்ப்பார், அது அவர் பிறந்த வீட்டுப் பழக்கம்.

செய்தியில் மணிக்கு 150 என்று போட்டிருப்பதைப் பார்த்து வந்தவர்கள் சோர்ந்து போகக் கூடாது, அதனால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். அந்த எண், புனர்பூசம் நேர் உச்சியில் நின்று, கண்ணுக்குத் தெரியக்கூடிய மிக மங்கலான நட்சத்திரம் வரை தெரிகிற வானத்துக்கு உரியது. நம் ஊரில் இரவு ஒன்பது மணிக்குப் புனர்பூசம் இருபது பாகை உயரத்தில்தான் இருக்கும். அந்த எண்ணில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். பத்து மணிக்குப் பாதிக்குச் சற்று மேல். நள்ளிரவில் நூற்றுக்கு எண்பத்தைந்து. இரண்டு மணிக்குக் கிட்டத்தட்ட முழுசும், ஏனென்றால் அப்போது அது எழுபது பாகைக்கு மேல் ஏறியிருக்கும். இதில்தான் தென்னாப்பிரிக்காக்காரர்களைவிட நம் இடம் உயர்ந்தது. அப்புறம் வெளிச்சம். வானியலார் நட்சத்திர வெளிச்சத்தை அளக்கிற கணக்கில் வானம் ஒரு படி மங்கினால் எண்ணிக்கை இரண்டரை மடங்குக்கு மேல் குறையும். ஆக, நள்ளிரவில் ஓரளவு நல்ல கிராமத்து வானில் ஒருவர் மணிக்கு ஐம்பது பார்த்தால் அது நியாயமான எண். நகரத்து மாடியில் இருபது பார்த்தால் அதுவும் நியாயமான எண். உங்கள் வானம் எப்படி என்று அறிய அறுமீன் கூட்டமான கார்த்திகையைப் பாருங்கள். ஆறு நட்சத்திரம் தெரிந்தால் சுமார். ஏழெட்டு பிரித்து எண்ண முடிந்தால் அருமையான இருட்டு. அந்த எண்ணையும் நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் மற்ற கணக்கெல்லாம் அதை வைத்துத்தான்.

எண்ணும் முறை இதுதான். ஒவ்வொருவருக்கும் வயிற்றின் மேல் ஒரு காலி கண்டென்ஸ்டு பால் டின். சட்டைப் பையில் இடது பக்கம் புளியங்கொட்டை, வலது பக்கம் ரப்பர் கொட்டை. ஒரு எரிநட்சத்திரம் தெரிந்ததும் அதன் கோட்டை மனத்தில் பின்னோக்கி நீட்டுங்கள். புனர்பூசத்துக்குப் போய்ச் சேர்ந்தால் ஒரு புளியங்கொட்டையை டின்னில் போடுங்கள். வேறு எங்காவது போனால் அது பொழிவைச் சேராத தனி ஆள். எந்த இரவிலும் மணிக்கு நாலைந்து அப்படி வரும். அதற்கு ரப்பர் கொட்டை. இரண்டும் அளவிலும் தொடுகையிலும் வேறு வேறு, கையே சொல்லிவிடும், கண்ணை வானத்திலிருந்து எடுக்க வேண்டியதில்லை. மணி நேரம் முடிந்ததும் ஒருவர் குரல் கொடுப்பார், டின்னை மாற்றி அடுத்ததை வைத்துக்கொள்ள வேண்டும். எந்த டின் எந்த மணி என்பது வெளியே சாக்பீஸால் எழுதியிருக்க வேண்டும்.

இதில் சில விதிகளை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை. பக்கத்தில் இருப்பவர் “அதோ!” என்று கத்தியதும் திரும்பிப் பார்த்தது உங்கள் கணக்கில் சேராது, உங்கள் கண்ணாக எது பிடித்ததோ அது மட்டும். ஆளாளுக்குத் தனிக் கணக்கு, கடைசியில் எல்லாரையும் கூட்டி ஒரே எண்ணாக்கவும் கூடாது. தேநீர் குடிக்க, வெளியே போக எழுந்தால் போன நேரத்தையும் வந்த நேரத்தையும் சொல்லிவிட வேண்டும், அந்த நிமிடங்கள் மணியிலிருந்து கழிக்கப்படும். மேகம் வந்தால் வானத்தில் எத்தனை பங்கை மூடியது என்று எழுத வேண்டும். பிள்ளைகள் இதையெல்லாம் பெரியவர்களைவிட நாணயமாகச் செய்கிறார்கள்.

படம் எடுக்க விரும்புகிறவர்கள் கைபேசியை ஒரு செங்கல் மேல் சாய்த்து, இரவு முறையில் முப்பது நொடி வீதம் தானாக எடுக்கும்படி விட்டுவிட்டு அந்தப் பக்கம் திரும்பாமல் இருங்கள்.

காலையில் கொட்டைகளை எண்ணி நோட்டில் ஏற்றியபின், அந்தக் கணக்கை 1988இல் தொடங்கப்பட்ட சர்வதேச விண்கல் அமைப்புக்கு அனுப்பலாம், யாரும் அனுப்பலாம், இணையத்தில் படிவம் இருக்கிறது. பார்த்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, தொடங்கிய நேரம், முடித்த நேரம், வானம் எவ்வளவு தெளிவு, ஜெமினிட்ஸ் எத்தனை, மற்றவை எத்தனை, இவ்வளவுதான் கேட்கிறார்கள். நேரத்தில் மட்டும் கவனம்: இப்போது ஆறரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும். நமக்கு 15ஆம் தேதி அதிகாலை ஒரு மணி என்றால் உலக நேரப்படி 14ஆம் தேதி மாலை ஆறரை. தேதியே மாறிவிடுவதை மறக்க வேண்டாம். பூமி சுழலச் சுழல ஒவ்வொரு நாட்டுக்கும் பொழிவின் ஒரு துண்டு மட்டுமே கிடைக்கிறது. நம் தீர்க்கரேகையில் இருட்டாக இருக்கும் அந்தத் துண்டை நாம்தான் எண்ண வேண்டும். குறிப்பாக இந்த வருடம், உச்சம் முடிந்து இறங்கும் மணிகள் நம் இரவில் விழுகின்றன.

முன்கூட்டியே ஒத்திகை பார்க்க விரும்புகிறவர்களுக்கு நவம்பர் 17 இரவு லியோனிட்ஸ் இருக்கிறது. அன்று பாதி நிலா, நள்ளிரவு வாக்கில் மறையும். மகம் நட்சத்திரம் இருக்கிற சிம்மக் கூட்டம் அதற்கு அப்புறம்தான் நன்றாக மேலே வரும், ஆகவே ஒரு மணிக்கு மேல் படுத்தால் போதும். மணிக்குப் பத்து வந்தாலே அதிகம். கொட்டை போட்டுப் பழகவும், சிவப்பு விளக்கைச் சோதிக்கவும், கட்டிலை எந்தப் பக்கம் போட வேண்டும் என்று முடிவு செய்யவும் அது தாராளம்.